பேருக்குப் பின்னால் ஒரு அடைப்புக்குறி

எங்க பெரியப்பா ஆடிட்டர். நாற்பது வருஷமாக ஊரில் உள்ள அரிசி மில், ஜவுளிக்கடை, கூட்டுறவு சங்கம் என்று எல்லார் கணக்கையும் பார்த்தவர். போன வருஷம் கை லேசாக நடுங்க ஆரம்பித்ததும், "போதும்டா" என்று பிராக்டீஸ் சர்டிபிகேட்டை ஒப்படைத்துவிட்டார். நான் பார்க்கப் போனபோது பழைய விசிட்டிங் கார்டு கட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"1949 சட்டப்படி தொழில் பண்ணாட்டியும் மெம்பரா இருக்கிறவரைக்கும் சி.ஏ.ன்னு போட்டுக்கலாம். ஆனா கையெழுத்து செல்லாத ஆளுக்குப் பட்டம் எதுக்குடா?" என்றார்.

சட்டென்று பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து புத்தகங்களைப் புரட்டியதில் கிடைத்ததுதான் இந்தப் பதிவு.

மற்ற ஊர்களிலும் இதே பஞ்சாயத்து உண்டு. அமெரிக்காவில் பல மாநிலங்களில், லைசென்சை விட்டுவிட்ட கணக்காளர் சி.பி.ஏ. என்று போட்டுக்கொள்ள வேண்டுமானால் கூடவே 'ரிட்டயர்டு' என்றும் போட்டாக வேண்டும். அங்கே வம்சாவளி ஆய்வாளர்களுக்குச் சான்று கொடுக்கும் வாரியம் ஒன்று இருக்கிறது. அது ரொம்ப காலம் சான்றோடு இருந்து ஓய்வு பெறுகிறவர்களுக்கு 'எமரிட்டஸ்' என்று கௌரவப் பட்டம் கொடுக்கிறது. ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் பேரோடு வருமே, அதே எமரிட்டஸ்.

இந்த வார்த்தையின் பூர்வீகத்தைத் தேடினால் காலேஜில் போய் நிற்கவில்லை, பட்டாளத்தில் போய் நின்றது :-)

கொசுவர்த்தி சுருளை ஒரு இரண்டாயிரம் வருஷம் பின்னாடி சுத்துவோம். லத்தீனில் எமரிட்டஸ் என்றால் பணிக்காலத்தை முழுசாக முடித்து, சேர வேண்டியதைச் சம்பாதித்துக்கொண்டவன். ரோமாபுரிப் படையில் சேவையை முடித்த சிப்பாய்க்குத்தான் முதலில் இந்தப் பேர். 'மெரிட்' என்கிறோமே, அதுவும் இந்த வேரில் முளைத்ததுதான்.

கி.மு. 25-ல் ஸ்பெயினில் நடந்த சண்டையை ஒட்டி, ஐந்தாவது, பத்தாவது லெஜியன்களின் பழைய சிப்பாய்களுக்காக அகஸ்டஸ் ஒரு ஊரையே உண்டாக்கினார். பேர் அகஸ்டா எமரிட்டா. ரிட்டயர்டு ஆனவர்களின் ஊர்! பேர் தேய்ந்து தேய்ந்து இன்றைக்கு மெரிடா. அவர்கள் காலத்துப் பாலம் குவாடியானா ஆற்றின் மேல் இன்னும் நிற்கிறது.

ஆனால் எல்லாருக்கும் ஊர் கிடைத்துவிடவில்லை. கி.மு. 13-ல் லெஜியன் சிப்பாய்க்குப் பணிக்காலம் 16 வருஷம் என்று வைத்தார்கள். கி.பி. 5-ல் அது 20 ஆயிற்று. முடித்தால் 12,000 செஸ்டர்ஸ் பணம். அன்றைக்கு சிப்பாய் சம்பளம் வருஷத்துக்கு 900 செஸ்டர்ஸ். கணக்குப் போட்டால் 13 வருஷத்துக்கும் மேலான சம்பளம். இதற்காகவே கி.பி. 6-ல் தனிக் கஜானா. அகஸ்டஸ் தன் பங்காகப் போட்டது 17 கோடி செஸ்டர்ஸ். மிச்சத்துக்கு வாரிசுச் சொத்தில் 5 சதவீதம், ஏலத்தில் 1 சதவீதம் என்று வரி. பணக்காரர்கள் முணுமுணுத்தார்கள். எந்த ஊர் பணக்காரர் முணுமுணுக்கவில்லை?

காகிதத்தில் எல்லாம் சரி. காசு பற்றாக்குறையோ, ஆள் பற்றாக்குறையோ, காலம் முடிந்தவர்களையும் விடவில்லை. தனிக் கொடி ஒன்றைக் கொடுத்து "நீங்க இனி சாதா சிப்பாய் இல்லை, மூத்தவர்கள்" என்று பேரை மாற்றிவிட்டு, பழைய வேலையையே வாங்கினார்கள். பேர் புதுசு, பாடு பழசு. கடைசியில் நிலம் கொடுத்தாலும் சேறும் மலையும்தான்.

கி.பி. 14-ல் அகஸ்டஸ் செத்ததும் வெடித்தது கலகம். ரைன் கரையில் சமாதானம் பேச வந்த தளபதி ஜெர்மானிக்கஸின் கையை, முத்தம் கொடுப்பதுபோல் பிடித்து, சில கிழவர்கள் தங்கள் வாய்க்குள் விட்டுக்கொண்டார்களாம். பல் இல்லாத ஈறைத் தொட்டுப் பார்க்கட்டும் என்று! டாசிடஸ் எழுதி வைத்திருக்கிறார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்தக் கலகத்தில் கிடைத்த 16 வருஷச் சலுகையையும் அடுத்த வருஷமே திபேரியஸ் ரத்து செய்துவிட்டார்.

ரோமக் குடியுரிமை இல்லாத துணைப்படைக்காரர்களுக்கு இன்னொரு ஏற்பாடு. 25 வருஷம் முடித்தால் குடியுரிமை. அத்தாட்சியாக இரண்டு வெண்கலத் தகடுகள். உள்ளேயும் வெளியேயும் ஒரே வாசகம். கம்பியால் கட்டி, ஏழு சாட்சிகளின் முத்திரை. உள்பக்கத்தை எவனும் திருத்திவிட முடியாது. இதுவரை கிடைத்தவை, துண்டு துணுக்கையும் சேர்த்து, ஆயிரத்துக்கு மேல். நம்ம ஊர் சர்டிபிகேட்டுக்கெல்லாம் பாட்டன்.

பிற்பாடு பல்கலைக்கழகங்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டன. அங்கே வந்ததும் குணமே மாறிவிட்டது. சிப்பாய்க்கு எமரிட்டஸ் என்றால் 'எனக்குச் சேர வேண்டியதை எடு' என்று கேட்கும் உரிமை. பேராசிரியருக்கு அது பெரும்பாலும் நிர்வாகம் மனசு வைத்துக் கொடுக்கும் மரியாதை. ஆனாலும் உழைக்கிறவருக்கு அது தடையாக இல்லை. சிகாகோவில் எமரிட்டஸ் ஆன நம்ம சந்திரசேகர், நியூட்டனின் பிரின்சிபியாவுக்கு எழுதிய விளக்கப் புத்தகம் 1995-ல் வந்தது. அதே வருஷம்தான் அவர் காலமானார்.

நம்ம ராணுவத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. கர்னல், பிறகு பேர், கடைசியில்தான் அடைப்புக்குறிக்குள் ஓய்வு. ஓய்வு பெறுவது ஆள்தான், ரேங்க் இல்லையாம். எனக்கு இது சரியாகப் படுகிறது. கையெழுத்துப் போடும் அதிகாரம் ஒரு பொறுப்பு. கண்ணும் கையும் தளர்ந்தால் அதை இறக்கி வைப்பதுதான் நாணயம். பட்டம் அப்படி இல்லை. அது நடந்து முடிந்த உழைப்புக்குச் சாட்சி. நாளைக்குச் செய்யாததால் நேற்றுச் செய்தது இல்லை என்று ஆகிவிடுமா?

போன ஞாயிற்றுக்கிழமை பெரியப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். பல் போன கிழவர்கள் கதையைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் கேட்டார் பாருங்க ஒரு கேள்வி:

"அந்த 17 கோடிக் கணக்கை யாருடா தணிக்கை பண்ணினது?"

கிளம்பும்போது பார்த்தேன், கார்டு கட்டு மேஜையில் இருந்தது. மேல் கார்டில் பேருக்குப் பின்னால் சி.ஏ. அப்படியே இருக்க, அதற்கும் பின்னால் நடுங்கிய கையெழுத்தில் அடைப்புக்குறிக்குள் 'ஓய்வு'.

உங்க வீட்டுப் பெரியவர்கள் என்ன போட்டுக்கொள்கிறார்கள் மக்களே? பின்னூட்டத்தில் சொல்லிட்டுப் போங்க.