ஜோவும் சிவகாசி அண்ணாச்சியும்

2024 தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது சென்னையிலிருந்து என் தம்பி மகள் போன் செய்தாள். "பெரியப்பா, சிவகாசிக் கடை ஒண்ணுல ஆன்லைன்ல பட்டாசு புக் பண்ணினோம். ஏழாயிரம் ரூபா போச்சு. உங்க ஊர்ப் பக்கம்தானே, கொஞ்சம் என்னன்னு பாருங்களேன்" என்றாள்.

அவள் அனுப்பிய இணையதளத்தைத் திறந்து பார்த்தேன். எல்லாம் பிரமாதமாக இருந்தது. 80 சதவீதத் தள்ளுபடி, கிஃப்ட் பாக்ஸ் படங்கள், சிவகாசி முகவரி, கடையின் முகப்புப் படம். கீழே இரண்டு நம்பர்கள். ஒன்று வாட்ஸாப் நம்பர். பணம் வாங்கிய மறுநாளே அது அணைந்துவிட்டது. இன்னொன்று லேண்ட்லைன், 04562 என்று ஆரம்பித்தது. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் அதுதான் எஸ்டிடி கோடு. நான் முப்பத்தாறு வருஷம் தொலைபேசித் துறையில் இருந்து 2011-ல் ஓய்வு பெற்றவன். 04562-ஐப் பார்த்ததும் எனக்குள் இருந்த பழைய உத்தியோகஸ்தன் விழித்துக்கொண்டான். செல்போன் நம்பர் பொய் சொல்லலாம், லேண்ட்லைன் சொல்லாது. அதற்கு ஒரு கம்பம் உண்டு, வயர் உண்டு, முகவரி உண்டு. ஆக இவர்கள்தான் திருடர்கள் என்று தீர்மானித்துவிட்டேன்.

உடனே வாட்ஸாப்பில் ஒரு செய்தி எழுதினேன். "இது மோசடிக் கடை. லேண்ட்லைன் நம்பர் இதோ. எல்லோரும் கூப்பிட்டுக் கேளுங்கள், விடாதீர்கள்." ஓய்வு பெற்றோர் குழு, தெருக் குழு, குடும்பக் குழு என்று மூன்றுக்கும் அனுப்பினேன். அன்று ராத்திரிக்குள் அது தம்பி மகளின் அபார்ட்மென்ட் குழுவுக்கும் போய்விட்டது. அங்கே இருந்த இளைஞர்கள் கூகுள் மேப்பில் கடையைத் தேடிப் பிடித்து ஒற்றை நட்சத்திரமாகப் போட ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு திருப்திகூட வந்தது என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன்.

நாலைந்து நாள் கழித்துச் சிவகாசியில் ஒரு கல்யாணம். திருத்தங்கல் தாண்டும்போதே இரண்டு பக்கமும் பட்டாசுக் கடைப் போர்டுகள். கல்யாணச் சாப்பாடு முடிந்ததும், நேரிலேயே நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று ஆட்டோ பிடித்து அந்த முகவரிக்குப் போனேன்.

கடை இருந்தது. படத்தில் பார்த்த அதே முகப்பு. உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் உட்கார்ந்திருந்தார். டெலிபோன் ரிசீவரை எடுத்து மேஜைமேல் மல்லாத்தி வைத்திருந்தார்கள். நான் வாயைத் திறக்குமுன் அவரே ஆரம்பித்தார். "ஆன்லைன்ல பணம் கட்டினவங்களா அண்ணாச்சி? அது நாங்க இல்ல. எங்க கடைப் படத்தையும் நம்பரையும் எவனோ எடுத்துப் போட்டுக்கிட்டான். ஸ்டேஷன்ல கம்ப்ளெய்ன்ட் குடுத்திருக்கேன், பாருங்க" என்று மனுவின் நகலை நீட்டினார். பிறகு தன் செல்போனைக் காட்டினார். யாரோ அவருக்கே ஃபார்வர்டு செய்திருந்த ஒரு செய்தி. என் செய்திதான். "மோசடி"யில் நான் விட்டிருந்த எழுத்துப்பிழை உட்பட அப்படியே இருந்தது.

"பழைய கஸ்டமர் எல்லாம் லேண்ட்லைன்லதான் கூப்பிடுவாங்க. வருஷத்துக்கே இந்த ஒண்ணரை மாச வியாபாரம்தான். போனை எடுத்தா அம்மா அக்காவை இழுத்துத் திட்டுறானுங்க. அதான் எடுத்து வச்சிட்டேன்" என்றார்.

நான் ஒன்றும் சொல்லாமல் ஒரு கிஃப்ட் பாக்ஸ் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டேன். அன்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து, இப்படி உலகத்தில் வேறு யாருக்காவது நடந்திருக்கிறதா என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இது எவ்வளவு பழைய கதை என்று தெரிந்தபோது ஆச்சரியமாக இருந்தது.

நம் காலத்தில் தபாலில் ஒரு கடிதம் வரும், ஞாபகம் இருக்கிறதா? இதைக் கையால் எழுதி 21 பேருக்கு அனுப்பினால் லட்சாதிபதி, கிழித்துப் போட்டால் ரத்தம் கக்கிச் சாவு என்று. கம்ப்யூட்டரில் அதற்குச் சமமான வேண்டாத விளம்பரத்தை முதலில் அனுப்பியவர் கேரி துர்க் என்கிற அமெரிக்கர். 1978 மே 3-ஆம் தேதி, தன் கம்பெனியின் புதுக் கம்ப்யூட்டருக்காக ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடல். திட்டு வாங்கினார், அதோடு போயிற்று.

கூட்டமாகச் சேர்ந்து பழிவாங்குவது 1994-ல் பெரிய அளவில் நடந்தது. அரிசோனாவைச் சேர்ந்த கேன்டர், சீகல் என்கிற வக்கீல் தம்பதி, கிரீன் கார்டு லாட்டரிக்கு விண்ணப்பம் போட்டுத் தருகிறோம் என்று அந்த ஏப்ரலில் யூஸ்நெட் என்ற விவாத வலையின் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களில் ஒரே விளம்பரத்தை ஒட்டினார்கள். செடி வளர்ப்பவர்கள் குழுவிலும் கிரீன் கார்டு, செஸ் குழுவிலும் கிரீன் கார்டு. கொதித்துப்போன ஜனங்கள் திட்டி மெயில் அனுப்பினார்கள். ஃபேக்ஸ் மெஷினுக்கு முழுக் கறுப்புத் தாளாக அனுப்பி மை தீர்த்தார்கள். விழுந்தது யார் தெரியுமா? அந்தத் தம்பதிக்கு இணைப்புக் கொடுத்திருந்த கம்பெனி. அதன் மெயில் சர்வர் திரும்பத் திரும்பப் படுத்துவிட்டது. அதே கம்பெனியில் காசு கட்டி மெயில் வைத்திருந்த மற்றவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? தம்பதியோ இதை எப்படிச் செய்வது என்று புத்தகமே எழுதிவிட்டார்கள். பிறகு 1997-ல் டென்னசி மாநில உச்ச நீதிமன்றம் கேன்டரின் வக்கீல் தொழில் உரிமையைப் பறித்தது.

அதே 1997-ல்தான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்த சம்பவமும் நடந்தது. ஜோ டால் என்பவர் ஜோஸ் டாட் காம் என்ற தளத்தில் மற்றவர்களுக்கு இலவசமாகப் பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்து வந்தார். அதில் இடம் வாங்கிய ஒருவன் ஸ்பாம் அனுப்பி விளம்பரம் செய்ததால் அவன் கணக்கை நீக்கினார். அவன் என்ன செய்தான்? இன்னும் நிறைய ஸ்பாம் அனுப்பினான், ஜோ அனுப்பியது போலவே, பதில் முகவரியில் ஜோவின் பெயரைப் போட்டு. ஸ்பாமை வெறுக்கும் நல்லவர்கள் எல்லோரும் திரண்டு ஜோவின் தளத்தை அடித்துச் சாய்த்தார்கள். திருடன் கையைக்கூட ஓங்கவில்லை. நல்லவர்களின் கோபத்தையே கருவியாக எடுத்துக்கொண்டான். இந்த மாதிரி வேலைக்கு ஆங்கிலத்தில் "ஜோ ஜாப்" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்தச் சிவகாசி அண்ணாச்சிதான் எங்கள் ஊர் ஜோ.

பின்னால் வந்தவர்கள் இதிலிருந்து பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2004 கடைசியில் லைகோஸ் என்ற கம்பெனி ஒரு ஸ்கிரீன் சேவர் வெளியிட்டது. உங்கள் கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போது, அது ஸ்பாம் விளம்பரம் செய்யும் தளங்களை ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறக்கிக்கொண்டார்கள். ஒரு தளத்துக்காரன் தனக்கு வந்த அடியை அப்படியே லைகோஸ் பக்கத்துக்கே திருப்பிவிட்டான். கொஞ்ச நாளிலேயே கடையைக் கட்டிவிட்டார்கள். அடுத்து புளூ செக்யூரிட்டி என்கிற இஸ்ரேல் கம்பெனியின் "நீலத் தவளை". ஐந்து லட்சம் பேர் சேர்ந்தார்கள். வரும் ஒவ்வொரு ஸ்பாமுக்கும் எல்லோர் சார்பிலும் "வேண்டாம்" என்று ஒரு மனு போகும். 2006 மே மாதம் ஸ்பாம்காரன் ஒருவன் திருப்பி அடித்தான். அடி தாங்காமல் அந்தக் கம்பெனி தன் முகவரியை இன்னொரு நிறுவனத்தில் இருந்த தன் வலைப்பூப் பக்கம் நோக்கித் திருப்ப, வெள்ளம் அங்கே பாய்ந்தது. டைப்பேடிலும் லைவ்ஜர்னலிலும் தங்கள் பாட்டுக்கு எழுதிக்கொண்டிருந்தவர்களின் பக்கங்கள் எல்லாம் மணிக்கணக்கில் முடங்கின. அந்த மாதமே தவளை மூச்சை நிறுத்திக்கொண்டது.

சரியான ஆளின் கதவைத் தட்டியதும் உண்டு. அமெரிக்காவில் ஆலன் ரால்ஸ்கி என்று ஒரு ஸ்பாம் மன்னன். 2002-ல் அவருடைய புது வீட்டைப் பற்றிய செய்தி பத்திரிகையில் வந்தது. ஜனங்கள் முகவரியைக் கண்டுபிடித்து, உலகத்தில் உள்ள கேட்லாக் எல்லாவற்றுக்கும் அவர் பெயரில் சந்தா எழுதிப் போட்டார்கள். மூட்டை மூட்டையாகத் தபால். "என்னைத் துன்புறுத்துகிறார்கள்" என்று அவரே புலம்பினாராம். படித்ததும் நான் சிரித்தேன். பிறகு அந்த மூட்டைகளைத் தூக்கிய தபால்காரரை நினைத்தேன். ரால்ஸ்கி நிறுத்தினாரா? இல்லை. 2009 நவம்பரில் கோர்ட்டு அவருக்கு 51 மாதச் சிறை கொடுத்தது.

ஜிம் பிரவுனிங் என்ற புனைபெயரில் இயங்கும் பிரிட்டிஷ்காரர் வேறு ரகம். குருகிராமில் இருந்து வெள்ளைக்காரக் கிழவர்களை ஏமாற்றிய ஒரு கால் சென்டரின் கேமராக்களுக்குள்ளேயே புகுந்துவிட்டார். ஏமாற்றுவதையும், பின்னால் உட்கார்ந்து சிரிப்பதையும் பதிவு செய்து 2020-ல் பி.பி.சி.க்குக் கொடுத்தார். போலீஸ் அங்கே நுழைந்தது. அவர் செய்ததும் சட்டப்படி சரியில்லைதான், ஆனால் பெயரை மட்டும் பார்த்து அடிக்கவில்லை, ஆளைப் பார்த்தார். அப்பேர்ப்பட்டவரையே 2021-ல் ஒருவன் யூடியூப் கம்பெனி ஆள் மாதிரிப் பேசி, அவர் சேனலை அவர் கையாலேயே அழிக்க வைத்துவிட்டான் என்பது தனிக் கதை.

ஜனங்களை மட்டும் குறை சொல்லி என்ன பிரயோஜனம்? 2007-ல் டிராய் "அழைக்காதே" பட்டியல் கொண்டுவந்ததும் எங்கள் ஆபீசில் முதலில் பதிந்தவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் மத்தியானத் தூக்கத்தில் "சார், லோன் வேணுமா?" என்கிறார்கள். 1909 இருக்கிறது, 140 என்று தனி எண் வரிசை இருக்கிறது, 2018-ல் புது ஒழுங்குமுறை வந்தது. அரசாங்கம் நடந்துவருகிறது, திருடன் மோட்டார் சைக்கிளில் போகிறான். நடுவில் மாட்டிய மனிதனுக்குக் கை அரிக்கத்தான் செய்யும்.

அதிலும் பட்டாசு விஷயம் விசித்திரம். 2018 அக்டோபர் 23-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் பட்டாசை ஆன்லைனில் விற்கவே கூடாது என்று சொல்லிவிட்டது. ஆகையால் ஒழுங்கான கடைக்காரர் இணையத்தில் விலைப்பட்டியலும் நம்பரும் மட்டும் போட்டுவைக்கிறார். அயோக்கியன் அதை நகலெடுத்து, பணம் கட்டும் பொத்தானைச் சேர்த்துவிடுகிறான். ரயிலில் பட்டாசு ஏற்ற முடியாது, லாரி செட் மூலம்தான் பெட்டி வர வேண்டும். "லோடு லேட்டாகுது மேடம்" என்று பத்து நாள் இழுத்தாலும் நம்பிவிடுவார்கள். அந்த அக்டோபரில் தமிழ்நாடு சைபர் குற்றப்பிரிவே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. தம்பி மகள் 1930-க்குப் புகார் சொல்லும்போது ஒன்பது நாள் ஓடிவிட்டது. பணம் வரவில்லை.

செல்போன் நம்பர் பொய் சொல்லும், லேண்ட்லைன் சொல்லாது என்று நினைத்தேன் அல்லவா? அதே அக்டோபரில், வெளிநாட்டிலிருந்து இந்திய நம்பர் வேஷம் போட்டு வரும் அழைப்புகளைத் தடுக்க மத்திய அரசு ஒரு ஏற்பாட்டை ஆரம்பித்தது. முதல் 24 மணி நேரத்தில் பிடிபட்டவை மட்டும் 1.35 கோடி. என் முப்பத்தாறு வருஷ அனுபவத்துக்கு அந்தச் செய்தியே போதும்.

அனுபவம் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. எண்பதுகளில், ஸ்ட்ரௌஜர் எக்ஸ்சேஞ்ச் காலத்தில், விருதுநகர் மண்டிக்காரர் ஒருவருக்கு ராத்திரி தோறும் பேசாத போன் வந்தது. போட்டிக் கடைக்காரன்தான் என்று முடிவு கட்டி, இவருடைய பையன்கள் போய் அவன் தராசை உடைத்துவிட்டு வந்தார்கள். மறுவாரம் நாங்கள் ராக் ராக்காக ஓடி எந்த செலக்டர் பிடித்திருக்கிறது என்று பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால், நம்பர் அவருடைய சொந்த மச்சான் வீடு. அன்றைக்கு அவரைப் பார்த்து நான் சிரித்தேன்.

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்பு மறுபடியும் சிவகாசிக்குப் போனேன். அந்தச் செய்தியை எழுதியவன் நான்தான் என்று சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நீங்க எழுதலேன்னா வேற எவனாவது எழுதியிருப்பான், விடுங்கண்ணாச்சி" என்றார். விட்டாரா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. மூன்று குழுக்களிலும் என் பெயரைப் போட்டுத் திருத்தம் அனுப்பினேன். முதல் செய்தி போன வேகத்தில் அது போகவில்லை. அபார்ட்மென்ட் பையன்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நட்சத்திரங்களை எடுக்கச் சொன்னேன். பதினொரு பேர் எடுத்துவிட்டார்கள். இன்னும் இரண்டு அங்கேயே இருக்கின்றன. அவர்கள் யாரென்று தெரியவில்லை.