ஏர்வாடி: தர்காவும் மருந்தும்

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊரான ஏர்வாடியில் சுல்தான் சையது இப்ராஹிம் ஷஹீத் தர்கா உள்ளது. மனநோயாளிகளை அழைத்துக்கொண்டு முஸ்லிம்கள் மட்டுமின்றி இந்துக்களும் கிறிஸ்தவர்களும் தலைமுறைகளாக இங்கே வருகிறார்கள். ஓதிய தண்ணீரைக் குடிக்கக் கொடுப்பதும், தர்கா விளக்கின் எண்ணெயை உடலில் தடவுவதும் வழக்கம். இங்கே அடங்கியுள்ள சையது இப்ராஹிம், அதாவது 'பாதுஷா நாயகம்', கனவில் தோன்றி விடை கொடுக்கும்வரை பலர் மாதக்கணக்கில் தங்குவார்கள்.

ஆங்கில மருத்துவம் தமிழகத்துக்குப் புதிதல்ல. சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கான காப்பகம் தொடங்கப்பட்டது. 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு இடம் மாறியது. ஆனால் தென்கோடி ஏழைக் குடும்பத்துக்குக் கீழ்ப்பாக்கம் எட்டாத தொலைவு. தர்காவில் பணமும் கேட்பதில்லை, 'பைத்தியம்' என்ற பட்டமும் கட்டுவதில்லை. மக்கள் அங்கே போனதற்கு அறியாமையை மட்டும் காரணமாகச் சொல்வது நியாயமாகாது.

தர்காவைச் சுற்றி முளைத்த தனியார் காப்பகங்களின் கதை வேறு. உறவினர்கள் பணம் கட்டி விட்டுப்போனவர்கள் அங்கே கீற்றுக் கொட்டகைகளில் சங்கிலியால் கட்டி வைக்கப்பட்டார்கள். 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் அப்படியொரு கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியை அவிழ்க்க வழியின்றி 28 பேர் கருகி இறந்தனர். மனநலக் காப்பகங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்லியிருந்தது. அதை நடைமுறைப்படுத்தாத குற்றம் அரசுடையது.

அந்தக் காப்பகங்கள் மூடப்பட்டன. உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை எந்த வடிவிலும் தடை செய்தது. இதற்கிடையே, குஜராத்தின் உனாவா தர்காவில் நடந்த 'தவா-துவா' (மருந்தும் பிரார்த்தனையும்) முயற்சியின் வழியில், ஏர்வாடியிலும் அரசு மனநல மருத்துவர்கள் சிகிச்சை தரத் தொடங்கினார்கள். தொழுகையை விடாமலே மாத்திரையும் வாங்கிக்கொள்ளலாம்.