பத்துப் பருவங்களில் இல்லாத பருவம்

‘பீ மூத்திரம் அள்ளி வளர்த்தேனே’ என்ற வாக்கியத்தை நான் இரண்டு இடங்களில்தான் கேட்டிருக்கிறேன். மகனோடு சண்டை முற்றிப்போன ஒரு வாசலில்; பிள்ளையைப் பறிகொடுத்தவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுத ஒரு சாவு வீட்டில். மற்ற நாட்களில் அந்த வேலைக்குப் பேரே கிடையாது. ‘பழக்குவது’ என்கிறோம். எதைப் பழக்குவது என்று சொல்வதில்லை. ‘கால் கழுவிவிடு’ என்றால் கழுவப்படுவது கால் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும்.

என் முனைவர் பட்ட ஆய்வு பிள்ளைத்தமிழ் பற்றியது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்று பொதுவான ஏழு; அப்புறம் ஆண்பாலுக்கு மூன்று, பெண்பாலுக்கு மூன்று. பாட்டியல் மரபு இவற்றை 3ஆம் மாதம் தொடங்கி 21ஆம் மாதம் வரை ஒற்றைப்படை மாதங்களில் வரிசைப்படுத்துகிறது. ஒரு வீட்டுக் கொடியில் ஈரத்துணி ஓயாத மாதங்கள் அச்சாக இவைதாம். நாலு வருடம் அந்த நூல்களுக்குள் கிடந்தும் இது எனக்கு உறைக்கவில்லை. கழிப்பதற்கென்று ஒரு பருவம் இல்லை. குமரகுருபரர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியபோது அம்மனே சிறு பெண்ணாக வந்து திருமலை நாயக்கரின் மடியில் உட்கார்ந்தாள் என்று கதை. அந்த மடி நனைந்ததாக எந்தக் கதையும் சொல்லவில்லை.

குழந்தை கைவிட்டுத் துழாவிய கூழை வள்ளுவர் அமிழ்தத்துக்கும் மேலாக வைத்தார். பாண்டியன் அறிவுடை நம்பியின் புறப்பாட்டிலும் நெய்ச்சோற்றை உடம்பெல்லாம் பூசிக்கொண்ட குழந்தை வருகிறது. உள்ளே போவதன் அழுக்குக்கு நம் இலக்கியத்தில் இடமுண்டு. சாப்பிடும்வரை அப்பன் பக்கத்தில் இருந்து ரசித்திருப்பான், அடுத்த காரியம் வந்தபோது எழுந்து வெளியே போயிருப்பான் என்று நினைத்துக்கொள்வேன்.

இதை எழுதிவைத்தவர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை 1912இல் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் ஜூலியா லாத்ரப் என்ற பெண். 1914இல் அத்துறை ‘குழந்தைப் பராமரிப்பு’ என்ற சிறுநூலை வெளியிட்டது. எழுதியவர் பெயராக அச்சாகியிருப்பது ‘திருமதி மாக்ஸ் வெஸ்ட்’. மாக்ஸ் என்பது கணவர் பெயர். எழுதிய பெண்ணின் பெயர் மேரி மில்ஸ் வெஸ்ட். மூன்றாம் மாதத்திலேயே, சில குழந்தைகளுக்கு அதற்கும் முன்பே, கழிகலத்தில் பிடித்துப் பழக்கத் தொடங்கலாம் என்றார் அவர். அதற்கு அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஒழுக்கம், குணநலன் என்றெல்லாம் போகவில்லை. இடைத்துணியின் தேவை சீக்கிரம் ஒழியவேண்டும், அவ்வளவுதான். துவைக்கும் இயந்திரம் இல்லாத வீடுகளில் துணியை ஊறவைத்து, வேகவைத்து, அலசிப் பிழிந்த கைகளுக்குத் தெரிந்த காரணம் அது.

ஆனால் அந்தக் காரணம் சீக்கிரமே பின்னுக்குப் போய் கடிகாரம் முன்னுக்கு வந்தது. 1930களின் பதிப்புகள் எட்டு மாதத்துக்குள் வேலை முடிந்துவிட வேண்டும் என்றன. அதற்கு முன்பே, 1928இல், நடத்தையியலாளர் ஜான் பி. வாட்சன், எட்டு மாதக் குழந்தையைத் தனி இருக்கையில் வாரால் கட்டிக் குளியலறையில் விட்டு, பொம்மை எதுவும் கொடுக்காமல் கதவைச் சாத்திவிடச் சொன்னார். அந்தப் புத்தகத்துக்கு உதவியவர் மனைவி ரோசலி ரேனர். அவரும் உளவியல் ஆய்வாளர். 1930இல் பெற்றோர் இதழ் ஒன்றில் ‘ஒரு நடத்தையியலாளரின் பிள்ளைகளுக்கு நான் அம்மா’ என்ற தலைப்பில் எழுதினார். தலைப்பைத் திரும்ப ஒருமுறை படித்துப்பாருங்கள். பிள்ளைகள் அவருடையவை, நான் அம்மா.

ஃபிராய்ட் 1908இலேயே கழிக்கும் பழக்கத்தை மனிதரின் சிக்கனத்தோடும் பிடிவாதத்தோடும் முடிச்சுப் போட்டிருந்தார். அந்த முடிச்சு எதுவரை போனது தெரியுமா? போர் நடந்துகொண்டிருந்த 1943இல் ஜெஃப்ரி கோரர் என்ற ஆங்கில மானிடவியலாளர், ஜப்பானியரின் போர்வெறியை அவர்கள் அம்மாக்கள் கண்டிப்பாகக் கழிப்பறைப் பழக்கம் கற்றுக்கொடுத்ததோடு இணைத்து எழுதினார். ஒரு பேரரசின் படையெடுப்புக்கும் கடைசியில் குழந்தையைத் தூக்கிப் பிடித்தவள்தான் பொறுப்பு.

பிறகு காற்று மாறியது. 1962இல் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன் 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, குழந்தை தானாகத் தயாராகும்வரை காத்திருங்கள் என்றார்; அந்தக் குழந்தைகள் பகலில் பழகிய சராசரி வயது 28.5 மாதம். குழந்தையை வதைக்காத அறிவுரை இது, மறுக்கவில்லை. ஆனால் காத்திருக்கும் மாதங்களில் துணியை யார் துவைப்பது? அந்தக் கேள்விக்கு விடை சந்தையிலிருந்து வந்தது. 1961இல் பாம்பர்ஸ் சோதனை விற்பனைக்கு வந்திருந்தது. 1998இல் அதே மருத்துவர், வளர்ந்த குழந்தைகளுக்கான பெரிய அளவு பாம்பர்ஸின் விளம்பரத்தில் தோன்றினார். இவருக்கெல்லாம் முன்னால் மேரியன் டோனவன் என்ற பெண், குளியலறைத் திரைச்சீலையை வெட்டித் தைத்து நீர் கசியாத மேலுறை செய்து, 1951இல் காப்புரிமை பெற்றார். பயன்படுத்தி எறியும் காகித அணையாடையையும் அவர் யோசித்திருந்தார். அதற்கு அப்போது தொழில் நடத்திய ஆண்களிடம் ஆதரவு கிடைக்கவில்லை.

1977இல் டி வ்ரீஸ் என்ற ஆய்வாளர் இருவர் கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி எழுதிய கட்டுரையைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தாய் காலை நீட்டி உட்கார்ந்து, பிறந்து சில வாரமே ஆன குழந்தையைக் கால்களுக்கு நடுவில் பிடித்து, வாயால் ஒரு சீறல் ஒலி எழுப்புவாளாம். ஆறு மாதத்துக்குள் குழந்தை அந்த ஒலிக்கு இணங்கிவிடுமாம். ஒரு மருத்துவ இதழுக்கு இது செய்தி. எங்கள் பக்கத்து ஆச்சிகள் இரண்டு பாதங்களையும் சேர்த்துவைத்து, அதன்மேல் குழந்தையை உட்காரவைத்து, ‘ஸ்ஸ்ஸ்’ என்றுதான் எல்லோரையும் பழக்கினார்கள். (கிரந்த எழுத்து இல்லாமல் அந்த ஒலியை எழுத முடியாது. என் நெறியாளர் விட்டிருக்கமாட்டார்.)

இதைப் பொற்காலம் என்று எழுத மனமில்லை. அந்த முறைக்கு நாள் முழுதும் குழந்தையோடு ஒட்டிக்கொண்டு ஒரு உடம்பு வேண்டும். பெரும்பாலும் அது பள்ளிக்கூடம் நின்றுபோன மூத்த பெண்ணின் இடுப்பு. குழந்தை பழகிவிட்டது என்கிறோமே, உண்மையில் பழகியது அதன் முகக்குறி அறிந்து ஓடக் கற்றுக்கொண்டவள்தான்.

என் மகளுக்கு இரண்டரை வயதில் ஒரு மழலையர் பள்ளி, டயப்பர் இல்லாமல் வந்தால்தான் சேர்க்கை என்றது. நான் ஆய்வேட்டின் கடைசி இயலில் இருந்தேன். ‘நாங்கள்லாம் ஒரு வயசுல முடிச்சிட்டோம்’ என்றார் மாமியார். முடித்துக்கொடுத்தது வீட்டு வேலைக்கு வந்த அக்கா. மூன்று வாரம். ‘ஒரு மூலையையே உத்துப் பாத்துக்கிட்டு அடங்கி நிப்பா பாரு, அப்பத் தூக்கிரணும்மா’ என்று எனக்கும் சொல்லிக்கொடுத்தார். என் மகளின் முகத்தை அப்படி வாசிக்க எனக்கு அதுவரை தெரியாது.

அதே அக்காவுக்கு எங்கள் வீட்டில் தனித் தம்ளர் இருந்தது, பின்வாசல் திண்ணையில் கவிழ்த்தபடி. குழந்தையைத் தூக்கலாம், கழுவலாம், துணி அலசலாம், அடுப்படிக்குள் வரக்கூடாது. இது மாமியார் வகுத்த சட்டம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பெண்ணியக் கோட்பாடு பற்றிய இயல் ஒன்று அப்போது என் மேசையில் பாதியில் கிடந்தது. அதை முடிக்க எனக்குக் காலையில் மூன்று மணிநேரம் தேவைப்பட்டது. வீட்டில் சச்சரவு வந்து அக்கா நின்றுபோனால் அந்த மூன்று மணிநேரம் போய்விடும். கணக்கு எனக்குத் தெளிவாகவே தெரிந்திருந்தது.

சென்ற மாதம் ஆய்வேட்டை எடுத்து நன்றியுரையைப் படித்தேன். நெறியாளர், துறைத்தலைவர், நூலகர்கள், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்த தோழி, ‘பொறுமை காத்த என் கணவர்’. முடிவில், ‘மற்றும் இல்லத்தார் அனைவருக்கும்’. பின்வாசல் வழியாக வந்துபோனவரை அந்தச் சொல் சேர்க்காது. பேரைச் சேர்த்துப் புதிதாக ஒரு பக்கம் தட்டச்சு செய்யலாம் என்று உட்கார்ந்தேன். ஆறு வருடம் ‘அக்கா’ என்றே கூப்பிட்டிருக்கிறேன். பேர் ஞாபகம் வரவில்லை. மகளைக் கேட்டேன். அவள்தான் சொன்னாள்.