தோல் மின்கடத்துமைத் தரவுகளின் தானியங்கிப் பகுப்பாய்வு

தோல் மின்கடத்துமைத் தரவுகளின் தானியங்கிப் பகுப்பாய்வு என்பது, உளவியல் ஆய்வுகளில் பதிவு செய்யப்படும் தோலின் மின்கடத்துமை மாற்றங்களைக் கணினி நிரல்களின் துணையுடன் கண்டறிந்து அளவிடும் முறைகளைக் குறிக்கும். அச்சம், கவனம், கற்றல், மன அழுத்தம் முதலியன பற்றிய ஆய்வுகளில் இது பயன்படுகிறது. கருவி பதிவு செய்வது மின்கடத்துமையை மட்டுமே. அதில் எந்த ஏற்றத்தை ஒரு துலங்கலாகக் கொள்வது என்பதைப் பகுப்பாய்வு முறையே தீர்மானிக்கிறது.

== உடலியல் அடிப்படை ==

உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் அடர்த்தியாக உள்ளன. இவற்றைப் பரிவு நரம்பு மண்டலம் இயக்குகிறது. மனக்கிளர்ச்சி ஏற்படும்போது சுரப்பிக் குழாய்களில் வியர்வை நிறைவதால் தோலின் மின்கடத்துமை கூடுகிறது. கிளர்ச்சியின் அளவை இது காட்டுமேயன்றி, அது அச்சமா மகிழ்ச்சியா என்பதைக் காட்டாது.

== வரலாறு ==

1888 இல் பிரான்சைச் சேர்ந்த சார்லஸ் ஃபேரே, உணர்ச்சித் தூண்டலின்போது தோலின் வழியே மின்சாரம் எளிதாகப் பாய்வதைக் கண்டறிந்தார். 1907 இல் பீட்டர்சன், கார்ல் யுங் ஆகியோர் கால்வனோமானி கொண்டு செய்த ஆய்வுகளை வெளியிட்டனர். நீண்ட காலம் இப்பதிவுகள் தாளில் வரையப்பட்டு, கையால் அளக்கப்பட்டன. கணினிகள் பரவிய பின்னர் இப்பணி படிப்படியாக நிரல்களுக்கு மாறியது.

== அளவீடு ==

பொதுவாக விரல்களின் உட்பக்கத்தில் வெள்ளி - வெள்ளி குளோரைடு மின்முனைகள் இரண்டு பொருத்தப்படும். அவற்றுக்கிடையே 0.5 வோல்ட்டு அளவிலான மாறா மின்னழுத்தம் கொடுக்கப்பட்டு, மின்கடத்துமை மைக்ரோசீமன்சில் அளவிடப்படும். பதிவில் இரு கூறுகள் உள்ளன.

* அடிநிலை மட்டம்: மெதுவாக மாறுவது. பெரும்பாலும் 2 முதல் 20 மைக்ரோசீமன்சு வரை இருக்கும்.
* துலங்கல்: தூண்டலுக்குப் பின் ஏறத்தாழ 1 முதல் 3 வினாடிகளில் தொடங்கி, விரைவாக உயர்ந்து, மெதுவாகத் தணிவது.

தூண்டல் எதுவும் இல்லாதபோதும் நிமிடத்திற்குச் சில துலங்கல்கள் தாமாகவே தோன்றுவதுண்டு.

== பகுப்பாய்வு முறைகள் ==

=== தாழ்புள்ளி - உச்சி முறை ===

ஏற்றம் தொடங்கும் புள்ளிக்கும் உச்சிக்கும் இடையிலான வேறுபாடே துலங்கலின் வீச்சாகக் கொள்ளப்படும். முறை எளிது. ஆனால் தூண்டல்கள் அடுத்தடுத்து வரும்போது இது பிழையான விடையைத் தரும்.

எடுத்துக்காட்டாக, மின்கடத்துமை 5.00 இலிருந்து 5.40 வரை உயர்ந்து, 5.30 வரை தணிந்த நிலையில் இரண்டாம் துலங்கல் தொடங்கி 5.45 ஐ எட்டுவதாகக் கொள்வோம். இம்முறைப்படி இரண்டாம் துலங்கல் 0.15 மட்டுமே. ஆனால் முதல் துலங்கல் தனித்திருந்தால் அந்நேரத்திற்குள் 5.15 க்குத் தணிந்திருக்கும் எனில், இரண்டாவதன் உண்மையான வீச்சு 0.30 ஆகும். அதாவது பாதி மறைந்துவிடுகிறது.

=== பிரித்தெடுக்கும் முறைகள் ===

ஒவ்வொரு நரம்புத் துடிப்பும் ஏறத்தாழ ஒரே வடிவ அலையைத் தோற்றுவிக்கிறது என்ற எடுகோளின்படி, பதிவிலிருந்து மூலத் துடிப்புகளைப் பின்னோக்கிக் கணிப்பது இம்முறைகளின் அடிப்படை. பெனெடெக், கேர்ன்பாக் ஆகியோர் 2010 இல் வெளியிட்ட முறைகள் லெடாலாப் என்னும் மென்பொருளில் உள்ளன. கிரேக்கோ குழுவினர் 2016 இல் வெளியிட்ட முறை, குவிவு உகப்பாக்கத்தின் மூலம் பதிவை அடிநிலை, துலங்கல், இரைச்சல் என மூன்றாகப் பிரிக்கிறது.

=== மாதிரி அடிப்படையிலான முறைகள் ===

டொமினிக் பாக் குழுவினர் 2009 முதல் வெளியிட்ட முறைகளில், எதிர்பார்க்கப்படும் துலங்கல் வடிவம் பதிவு முழுவதற்கும் பொருத்தப்பட்டு, ஒவ்வொரு வகைத் தூண்டலும் ஏற்படுத்திய நரம்புச் செயற்பாடு மதிப்பிடப்படுகிறது. இங்கு உச்சிகளைத் தேடுவதில்லை.

== பிழைப் பதிவுகளை நீக்கல் ==

கை அசைவு, மின்முனை நழுவல், ஆழ்ந்த மூச்சு ஆகியன துலங்கல் போன்ற ஏற்றங்களை உண்டாக்கும். மணிக்கட்டில் அணியும் கருவிகளில் இச்சிக்கல் மிகுதி. 2015 இல் டெய்லர் குழுவினர், வல்லுநர்கள் தரம் பிரித்த 5 வினாடித் துண்டுகளைக் கொண்டு எந்திரக் கற்றல் நிரலைப் பயிற்றுவித்து, பிழையான துண்டுகளை அடையாளம் காணும் முறையை வெளியிட்டனர்.

== சிக்கல்கள் ==

துலங்கலுக்கான குறைந்தபட்ச எல்லையாக முன்பு 0.05 மைக்ரோசீமன்சு பரவலாகப் பயன்பட்டது. கணினிப் பதிவுகளில் 0.01 போன்ற சிறிய எல்லைகளும் கையாளப்படுகின்றன. 0.03 அளவிலான ஏற்றம் முதல் எல்லையின்படி துலங்கல் அன்று, இரண்டாவதன்படி துலங்கலே.

இத்தெரிவு ஆய்வு முடிவையே மாற்றக்கூடும். அச்சக் கற்றல் ஆய்வுகளில், துலங்கல் காட்டாதவர்களையும் "கற்காதவர்களையும்" தரவிலிருந்து விலக்குவது வழக்கம். விலக்குவதற்கான அளவுகோல்கள் ஆய்வுக்கு ஆய்வு பெரிதும் வேறுபடுவதை லோன்ஸ்டோர்ஃப் குழுவினர் 2019 இல் எடுத்துக்காட்டினர். நலமுள்ளவர்களிலும் ஒரு பகுதியினரிடம் துலங்கல் மிகக் குறைவாகவே இருப்பதால், அதை அச்சமின்மைக்கோ கல்லாமைக்கோ சான்றாகக் கொள்ள இயலாது.

நிரல் ஒரே விதியை எல்லாப் பதிவுகளுக்கும் சமமாகப் பயன்படுத்துவதால், அளப்பவரின் விருப்புவெறுப்பு குறைகிறது. பிறர் அதே கணிப்பைத் திரும்பச் செய்து சரிபார்க்கவும் முடிகிறது. எனினும் விதி தவறானால் தவறும் எல்லாப் பதிவுகளிலும் சமமாகப் பரவும். எனவே தானியங்கி முடிவுகளை மூலப் பதிவின் வரைபடத்துடன் ஒப்பிட்டுப் பார்ப்பதும், பயன்படுத்திய எல்லை, வடிகட்டி, நேர இடைவெளி, விலக்கல் விதி ஆகியவற்றை ஆய்வறிக்கையில் குறிப்பிடுவதும் இன்றியமையாதவை.

== இவற்றையும் பார்க்க ==

* பரிவு நரம்பு மண்டலம்
* வியர்வைச் சுரப்பி
* பழக்கமுறு துலங்கல்
* பொய் கண்டறி கருவி