மழைநீர்த் தொட்டி வடிகட்டி

மொட்டை மாடியில் விழும் மழைநீர் வீட்டின் நிலத்தடித் தொட்டிக்குள், அதாவது சம்புக்குள் இறங்கும் முன், அதிலுள்ள சருகு, மண், பறவை எச்சம் போன்றவற்றைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு மழைநீர்த் தொட்டி வடிகட்டி ஆகும். செங்கல் வைத்துக் கட்டி உட்புறம் பூசிய சிறு தொட்டியாகவோ, மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மாகவோ இது இருக்கும். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபின் இத்தகைய வடிகட்டிகள் பெருகின. அவற்றில் பல, கட்டிய நாளுக்குப் பிறகு திறந்தே பார்க்கப்படாதவை. மழை நாளில் வடிகட்டி நிரம்பி வழிந்து, சேகரிக்க வேண்டிய நீர் தெருவுக்கு ஓடுவது பெரும்பாலும் இதனால்தான்.

அடியில் பெரிய கூழாங்கல், அதன்மேல் ஜல்லி, அதற்கும் மேல் பருமணல் என்பது வழக்கமான அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே நைலான் வலை விரித்தால் மணல் ஜல்லிக்குள் இறங்காது. பின்னாளில் தனித்தனியாக அள்ளி எடுப்பதும் எளிது. குழாயிலிருந்து நீர் கொட்டும் இடத்தில் ஒரு தட்டைக் கல் வைப்பது அவசியம். இல்லாவிட்டால் முதல் பெருமழையிலேயே மணலில் பள்ளம் விழும், நீர் அந்தப் பள்ளத்தின் வழியே வடிபடாமல் இறங்கிவிடும். வாடையைப் போக்கச் சிலர் நடுவே கரி அடுக்கும் சேர்ப்பர். கரி தன் பரப்பில் வாடைப் பொருள்களைப் பிடித்துவைக்கிறது. அந்தப் பரப்பு நிறைந்தபின் அதனால் பயன் இல்லை. எனவே கரியைக் கழுவிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும்.

இந்த வடிகட்டி கிருமியை நீக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. அது தவறு. சென்னைக் கீழ்ப்பாக்கம் நீரேற்று நிலையத்தில் 1914-இல் அமைக்கப்பட்டவை போன்ற மெதுமணல் வடிகட்டிகள் கிருமிகளைப் பெருமளவு குறைத்தன என்பது உண்மை. ஆனால் அவற்றில் மணல் எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும். மணலின் மேற்பரப்பில் நுண்ணுயிர்கள் ஒரு மெல்லிய படலமாக வளர்ந்து கிருமிகளைத் தின்றழிக்கும். நீரும் மிக மெதுவாகவே இறங்கும். வீட்டு வடிகட்டியோ ஆண்டில் பல மாதம் காய்ந்து கிடக்கிறது, மழை வந்தால் நீர் அதில் வேகமாகப் பாய்கிறது. அந்தப் படலம் உருவாக இதில் வழியில்லை. இது அழுக்கைத் தடுக்கும், அவ்வளவே.

பராமரிப்பு மாடியில் தொடங்குகிறது. 100 சதுர மீட்டர் மாடியில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 100 லிட்டர் நீர் சேரும். கோடை முழுவதும் படிந்த தூசியைச் சுமந்து வரும் முதல் மழையின் ஓரிரு மில்லிமீட்டர் நீரை, கீழிறங்கும் குழாயின் அடியில் உள்ள மூடியைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு நடுவிலேயே தீபாவளி வந்துவிடுகிறது. பட்டாசுக் காகிதமும் மருந்துத் தூளும் மாடியில் கிடக்கும் என்பதால், மறுநாளே மாடியைப் பெருக்கி, அடுத்த மழையின் முதல் நீரையும் வெளியே விடுவது நல்லது.

வடிகட்டியை முழுமையாகச் சுத்தம் செய்ய ஏற்ற காலம் ஆவணி, புரட்டாசி. தொட்டிக்குச் செல்லும் குழாயை முதலில் அடைத்துவிட்டு, மேல் மணலை அள்ளி அகன்ற அன்னக்கூடையில் கொட்டி, நீர் ஊற்றிக் கையால் கிளற வேண்டும். கலங்கல் மேலே எழும். அதைச் சாய்த்து ஊற்றிவிட்டு, ஊற்றும் நீர் தெளிவாக வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கழுவியது போதுமா என்று ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சோதிக்கலாம். பாதிவரை மணலும் மீதிக்கு நீரும் இட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், மணலுக்கு மேல் வண்டல் தனிக் கோடாகப் படியும். கோடு தடிமனாக இருந்தால் இன்னும் கழுவ வேண்டும். எம்-சாண்டில் கல் பொடி மிகுதி, அதைக் கூடுதலாகவே கழுவ வேண்டியிருக்கும். உப்பு இருப்பதால் கடற்கரை மணல் கூடாது. ஜல்லி, கூழாங்கல் இரண்டையும் தேய்த்துக் கழுவி, அதே வரிசையில் திரும்ப அடுக்கி, ஒரு குடம் நீர் ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் மேலே தேங்கி நின்றால் எங்கோ அடைப்பு இருக்கிறது. பருவத்தின் நடுவில் மேல் மணலை மட்டும் சுரண்டிக் கழுவினால் போதும்.

வடிகட்டியின் மூடிக்கும் தொட்டியின் காற்றுக் குழாய்க்கும் கொசுவலை கட்டாயம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்தையொட்டிய சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் ஈரமின்றிப் பல மாதம் உயிரோடு இருந்து, நீர் பட்டதும் பொரிக்கும். ஆகவே தொட்டியை வெறுமனே காலி செய்தால் போதாது, சுவரைப் பிரஷால் தேய்த்தே ஆக வேண்டும்.

தொட்டி நீரைக் கிருமி நீக்க, 25 சதவீதம் குளோரின் உள்ள புதிய பிளீச்சிங் பவுடரில் 1,000 லிட்டருக்கு 4 கிராம் கரைத்தால் லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் சேரும். அரை மணி நேரம் கழித்தே நீரைப் பயன்படுத்த வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரமான ஐஎஸ் 10500, குளோரின் சேர்த்த நீரில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது. கரி அடுக்கு உள்ள வடிகட்டிக்கு முன்னால் குளோரினைக் கலப்பது வீண். கரி அதை உறிஞ்சிவிடும். குடிக்க எடுக்கும் நீரைக் கொதிக்கவைத்து ஆற்றுவதே பாதுகாப்பு.

தொட்டிக்குள் இறங்க வேண்டியிருந்தால் மோட்டாரின் மின்சாரத்தை முதலில் துண்டித்துவிடுங்கள். நெடுநாள் மூடிக்கிடந்த சம்பில் மூச்சுக்குப் போதிய காற்று இருக்காது. மூடியைத் திறந்து நெடுநேரம் காற்றாட விட்ட பிறகும், மேலே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்காதீர்கள். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் காப்பாற்ற அடுத்தவர் குதிக்கக் கூடாது. உடனே 101-க்கு அழைத்துத் தீயணைப்புத் துறையை வரவழையுங்கள்.