கெஸ்ட்டாகப் போன இடத்தில்: யாட் கிளப்புகளும் விருந்தாளி விதிகளும்

சில வருஷங்களுக்கு முன்னால் சவுத்தாம்ப்டனில் ஆன்சைட்டில் இருந்தேன். டீமில் ஒரு ஆங்கிலேயர், ஐம்பதைத் தாண்டியவர், வார இறுதியில் பாய்மரப் படகு ஓட்டுகிறவர். ஒரு சனிக்கிழமை தன்னுடைய யாட் கிளப்புக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வாசலில் ஒரு பெரிய நோட்டு. அதில் என் பெயர், பக்கத்திலேயே அவர் பெயர், அவர் கையெழுத்து. உள்ளே நுழைந்ததும் தொப்பியைக் கழட்டச் சொன்னார். கழட்டினேன். அடுத்து, நல்ல பிள்ளையாக “இந்த ரவுண்டு நான் வாங்குறேன்” என்று பர்ஸை எடுத்தேன். பாரில் நின்றவர் என்னைப் பார்க்கவே இல்லை, நண்பரைத்தான் பார்த்தார். கெஸ்ட் இங்கே காசு கொடுக்கக் கூடாது என்பதை நண்பர் ரொம்ப நாசூக்காக என் காதில் சொன்னார்.

திரும்பி வரும்போது கேட்டேன், “நான் உள்ளே ஏதாவது ஏடாகூடமா செஞ்சிருந்தா என்ன ஆகும்?”

“உங்களுக்கு ஒன்றும் ஆகாது. எனக்குத்தான் கமிட்டியிலிருந்து கடிதம் வரும்” என்றார்.

அந்தப் பதில் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து இந்த விருந்தாளி விதிகள் எங்கிருந்து வந்தன என்று தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அதில் தேறியவை கீழே.

முந்தின ராத்திரி எங்கே தூங்கினாய்?

உலகின் மிகப் பழைய யாட் கிளப் என்று சொல்லிக்கொள்வது அயர்லாந்தின் ராயல் கார்க் யாட் கிளப். அதன் மூலம், 1720-ல் கார்க் துறைமுகத்தில் ஆரம்பித்த ‘வாட்டர் கிளப்’. ஹால்போலின் என்ற குட்டித் தீவில் கூடுவார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, கடல் பெரிதாக ஏறி வற்றும் நாட்களில் கூட்டம். மொத்த உறுப்பினர்கள் 25 பேர், அவ்வளவுதான்.

அவர்களுடைய பழைய விதிகள் படிக்க வேடிக்கையாக இருக்கும். விருந்து வைக்கிற அட்மிரல் இரண்டு வகைக் கறிக்கு மேல் கொண்டுவரக் கூடாது. ஒயின் இரண்டு டஜன் பாட்டிலைத் தாண்டக் கூடாது, நீதிபதிகளை அழைத்திருந்தால் மட்டும் விலக்கு. நீளவால் டோப்பா அணிந்து வரக் கூடாது. சாப்பாட்டுக்குப் பிறகு படகு ஓட்டுவதைப் பற்றிப் பேசினால் அபராதம், ஒரு முழுக் கோப்பையைக் குடித்தாக வேண்டும்!

இந்த வேடிக்கைகளுக்கு நடுவில் விருந்தாளிகளைப் பற்றி இரண்டு விதிகள் உண்டு. ஒன்று, வெளியாள் ஒருவரைக் கூட்டிவர வேண்டுமென்றால், அவர் முந்தின ராத்திரி அந்த உறுப்பினர் வீட்டில் தங்கியிருக்க வேண்டும். இரண்டு, உறுப்பினர் ஒருவர் கூட்டி வந்தாலொழிய, அல்லது ஐந்து பேராவது கையெழுத்துப் போட்ட சீட்டு இருந்தாலொழிய, கிளப் அறைக்குள் யாரையும் விடக் கூடாது.

முதல் விதியை யோசித்துப் பாருங்கள். வழியில் பார்த்தவனையெல்லாம் இழுத்துக்கொண்டு வராதே, உன் வீட்டில் படுக்க இடம் கொடுக்கும் அளவுக்கு நம்பிக்கை இருக்கிறதா, அப்படியானால் கூட்டிவா என்கிறார்கள். பொறுப்பு முழுக்கக் கூட்டி வருகிறவர் தலையில். என் நண்பருக்கு வரக்கூடிய கடிதத்துக்கு வயது 300.

இன்றைய விதிகளுக்குள் இருக்கும் காரணம்

இன்று ஒரு யாட் கிளப் உறுப்பினர் வேறு ஊர் கிளப்புக்குப் போனால் நடப்பது இதுதான். இரண்டு கிளப்புகளுக்கும் பரஸ்பர ஒப்பந்தம் இருந்தால், தன் கிளப்பின் உறுப்பினர் அட்டையையோ அறிமுகக் கடிதத்தையோ காட்ட வேண்டும். நேராகப் பாருக்குப் போகாமல், முதலில் ஆபீஸில் தலைகாட்டி நோட்டில் பதிய வேண்டும். படகில் வந்திருந்தால் காலியாகக் கிடக்கும் இடத்தில் கட்டிவிடக் கூடாது, அது யாரோ ஒரு உறுப்பினருடையது, கேட்டுவிட்டுத்தான் கட்டணும். படகுகளை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருக்கும்போது அடுத்தவர் படகைத் தாண்டிக் கரைக்குப் போக வேண்டுமென்றால், முன்பக்கத் தளம் வழியாகப் போக வேண்டும். பின்பக்கத்தில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், அது அவர்கள் வீட்டுக் கூடம் மாதிரி. தன் கிளப்பின் சின்ன முக்கோணக் கொடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் கொடியை வாங்கி வருவதும் வழக்கம். கிளப் சுவர்களில் வரிசையாகத் தொங்குவது பெரும்பாலும் இப்படி வந்தவைதான்.

எங்கள் தொழில் பாஷையில் சொன்னால் இது கெஸ்ட் லாகின். உள்ளே விடுவார்கள், பயன்படுத்தலாம். ஆனால் எதுவும் உங்களுடைய உரிமை இல்லை. கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அப்படி எடுத்தும் இருக்கிறார்கள். அதற்கு அமெரிக்கா கோப்பையின் கதைக்குப் போக வேண்டும்.

ஒரு அழைப்புக் கடிதம்

1851-ல் லண்டனில் மாபெரும் கண்காட்சி. அதையொட்டி, கௌஸ் நகரில் இருந்த ராயல் யாட் ஸ்க்வாட்ரனின் கமடோர் வில்டன் பிரபு, நியூயார்க் யாட் கிளப்புக்கு அந்த பிப்ரவரியில் ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் வந்தால் எங்கள் கிளப் உங்களுக்குத் திறந்திருக்கும் என்று மரியாதையாக ஓர் அழைப்பு. நியூயார்க் கிளப் ஆரம்பித்தே அப்போது ஏழு வருஷம்தான். அதன் கமடோர் ஜான் காக்ஸ் ஸ்டீவன்ஸ் ‘அமெரிக்கா’ என்ற புதுப் படகோடு கௌஸுக்கு வந்தார்.

வந்த விருந்தாளி முதல் நாளே ஒரு தப்புப் பண்ணிவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். வரவேற்க வந்த ஆங்கிலப் படகை, கௌஸுக்குப் போகும் வழியிலேயே முந்திக் காட்டிவிட்டார். அதற்குப் பிறகு பந்தயம் கட்ட யாரும் வரவில்லை! கடைசியில் ஆகஸ்ட் 22 அன்று, வைட் தீவைச் சுற்றி நடந்த, எல்லா நாட்டுப் படகுகளுக்கும் பொதுவான போட்டியில் ‘அமெரிக்கா’ ஜெயித்தது. விக்டோரியா மகாராணியே படகைப் பார்க்க வந்தார். கூட வந்த இளவரசர் ஆல்பர்ட்டிடம் கேப்டன் டிக் பிரவுன், நீங்கள் யாராக இருந்தாலும் காலைத் துடைத்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொன்னதாக ஒரு கதை உண்டு. கிளப்பில் கமடோர் ராஜா என்றால், படகில் கேப்டன் ராஜா.

அந்தக் கோப்பையை 1857-ல் நியூயார்க் கிளப்புக்கு எழுதிக் கொடுத்தார்கள். நாடுகளுக்கிடையே நட்பான போட்டிக்காக என்பது நிபந்தனை. சவால் விடுவது தனி ஆள் அல்ல, ஒரு யாட் கிளப்தான். ஆக அந்த நாட்களில் ஒவ்வொரு போட்டியிலும் ஒரு கிளப் விருந்தாளி, நியூயார்க் கிளப் விருந்து வைப்பவர்.

டன்ரேவன் பிரபு

1895-ல் ஸ்க்வாட்ரன் சார்பாக வந்தவர் டன்ரேவன் பிரபு. நியூயார்க் கிளப் அவரைக் கௌரவ உறுப்பினராக ஏற்றிருந்தது. அவர் படகு ‘வால்கிரி 3’, எதிர்ப்படகு ‘டிஃபெண்டர்’. முதல் போட்டியில் தோற்றதும், டிஃபெண்டர் அளந்தபோது இருந்ததைவிடத் தண்ணீரில் ஆழமாக இருக்கிறது, ரகசியமாகப் பாரம் ஏற்றிவிட்டார்கள் என்று புகார் சொன்னார். மறுநாள் மறுபடி அளந்தார்கள். வித்தியாசம் ஒன்றும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இரண்டாவது போட்டியில் வால்கிரி முதலில் வந்தும், தொடக்கத்தில் எதிர்ப்படகில் உரசியதால் தகுதி நீக்கம். மூன்றாவதில் கோட்டைத் தாண்டிவிட்டு உடனே விலகிவிட்டார். வேடிக்கை பார்க்க வந்த படகுகள் பாதையை அடைத்துக்கொண்டு ஓடவிடவில்லை என்பது அவர் குறை.

அதோடு விட்டிருந்தால் சரி. ஊருக்குப் போய் நவம்பரில் பாரக் குற்றச்சாட்டைப் பத்திரிகையில் எழுதினார். நியூயார்க் கிளப் ஒரு விசாரணைக் குழு போட்டது. அதில் வங்கியாளர் ஜே.பி. மார்கன், கடற்படை வரலாற்று ஆசிரியர் மஹான் எல்லாம் இருந்தார்கள். டன்ரேவனே வந்து சாட்சி சொன்னார். ஈயக் கட்டிகளை வெளியே எடுத்தது உண்மை, வெட்டி ஒழுங்காகப் பொருத்தத்தான் என்று தெரிந்தது. குற்றச்சாட்டு நிற்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. 1896 பிப்ரவரியில் அவருடைய கௌரவ உறுப்பினர் பதவியைப் பறித்தார்கள். கெஸ்ட் லாகின் ரத்து.

இதை முதலில் படித்தபோது டன்ரேவன் மேல் எனக்குக் கொஞ்சம் பரிதாபம் வந்தது. விருந்தாளி என்றால் வாயை மூடிக்கொண்டு தோற்க வேண்டுமா? ஆனால் அவர் சொன்ன இரண்டு புகார்களையும் தனித்தனியாகப் பாருங்கள். வேடிக்கைப் படகுகளின் நெரிசல் என்பது நிஜமான பிரச்சினை. 1899 போட்டியில் அமெரிக்க அரசே கப்பல்களை நிறுத்திப் பாதையைக் காலியாக வைத்தது. அந்தப் புகாரை யாரும் அவமரியாதையாக எடுத்துக்கொள்ளவில்லை. மற்றது, சாப்பாடு போட்டவரைத் திருடன் என்று சொன்னது. அதுவும் அளந்து பார்த்த பிறகு, வீட்டுக்குத் திரும்பிய பிறகு.

ஐந்து முறை தோற்ற விருந்தாளி

1899-ல் அடுத்த சவால் விட்டவர் தாமஸ் லிப்டன். கிளாஸ்கோ மளிகைக்கடைக்காரர். 1890-ல் இலங்கையில் தோட்டங்கள் வாங்கித் தேயிலையில் பெரும் பணம் பார்த்தவர். பணம் இருந்தும் ஸ்க்வாட்ரன் அவரை உறுப்பினராகச் சேர்க்கவில்லை, கடைக்காரர் அல்லவா! கிளப் இல்லாமல் சவால் விட முடியாதே. வட அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் யாட் கிளப் அவருக்கு இடம் கொடுத்தது.

1899, 1901, 1903, 1920, 1930. ஐந்து முறை போனார், ஐந்து முறையும் தோற்றார். 1920-ல் முதல் இரண்டு போட்டிகளை ஜெயித்துவிட்டு அடுத்த மூன்றையும் கோட்டைவிட்டார். ஒரு முறைகூட விருந்து வைத்தவரைக் குறை சொல்லவில்லை. தேயிலை விற்பனைக்கு அது நல்ல விளம்பரமாகவும் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1930-ல் தோற்றபோது நகைச்சுவையாளர் வில் ரோஜர்ஸ் ஆளுக்கு ஒரு டாலர் அனுப்புங்கள் என்று எழுத, அமெரிக்க மக்கள் காசு போட்டு அவருக்குத் தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள்.

ஸ்க்வாட்ரன் கடைசியில் 1931-ல் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே அக்டோபரில் இறந்துபோனார்.

அந்தப் படகுகளுக்கான பணத்தில் ஒரு பங்கு அப்புத்தளை மலையில் கொழுந்து பறித்த தமிழர்களின் உழைப்பு. லிப்டனுக்கே திறக்காத கதவு அது, அவர்களைப் பற்றி எந்த வாசல் நோட்டிலும் ஒரு வரி இருக்காது. இந்தக் கதையை எழுதும்போது அதையும் சேர்த்து எழுதாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊருக்குத் திரும்புவதற்கு முன் ஒரு நாள் கௌஸ் போய் ஸ்க்வாட்ரனின் கோட்டையையும் அதன் முன்னால் வரிசையாக நிற்கும் பித்தளை பீரங்கிகளையும் ரோட்டில் நின்று பார்த்தேன். உள்ளே கூட்டிப்போக ஆள் இல்லை. நண்பருக்கு மட்டும் கையால் ஒரு நன்றிக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். கமிட்டியிலிருந்து அவருக்குக் கடிதம் எதுவும் வரவில்லையாம்.