லாகோஸ் துறைமுகமும் 235 மனிதர்களும்

போர்த்துக்கலின் தென்பகுதியிலுள்ள பாரோ நகரிலிருந்து புகையிரதத்தில் புறப்பட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் லாகோஸை அடைந்துவிடலாம். நைஜீரியாவின் பெருநகரம் அல்ல இது. அதே பெயருடைய சிறிய கடலோர நகரம். ஒருநாள் பயணமாக அங்கு சென்றிருந்தேன்.

கடல்வழிகளைத் தேடிய போர்த்துக்கேயரின் ஆரம்பத் தளங்களுள் ஒன்று லாகோஸ். 1434இல் பொஜடோர் முனையைக் கடந்த மாலுமி கில் ஈயனெஸின் பெயரில் இங்கு ஒரு சதுக்கம் இருக்கிறது. அப்பயணங்களின் புரவலரான இளவரசர் ஹென்றிக்குச் சிலையும் இருக்கிறது. அச்சிலை நிற்கும் சதுக்கத்தின் ஓரத்திலேயே அடிமைச் சந்தை என அழைக்கப்படும் சிறு கட்டடம் உள்ளது. அது இன்று நூதனசாலை.

1444 ஓகஸ்ட் 8ஆம் திகதி, மேற்கு ஆபிரிக்கக் கரையில் பிடிக்கப்பட்ட 235 பேர் இத்துறைமுகத்தில் இறக்கப்பட்டு, கூறு போடப்பட்டனர். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 46 பேர், இளவரசருக்குரியது. தாயிடமிருந்து பிள்ளையும் கணவனிடமிருந்து மனைவியும் பிரிக்கப்பட்டதையும் அவர்களின் ஓலத்தையும் எழுதிவைத்தவர் அரச வரலாற்றாசிரியர் சுராரா. அவர் இளவரசரைப் போற்றியவர்; எனவே இதை எதிரிகளின் அவதூறு என்று எவரும் தள்ளிவிட முடியாது.

2009இல் நகரின் பழைய மதிலுக்கு வெளியே நிலக்கீழ் வாகனத் தரிப்பிடம் அமைக்கத் தோண்டியபோது, பழங்காலக் குப்பைமேடொன்றிலிருந்து 150க்கும் மேற்பட்ட ஆபிரிக்கர்களின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. குழந்தைகளும் அவர்களுள் இருந்தனர். சிலரது கைகள் கட்டப்பட்டிருந்தமைக்கான அடையாளங்களும் காணப்பட்டன. வாகனத் தரிப்பிடம் கட்டி முடிக்கப்பட்டது.

இலங்கையில் நாம் படித்த பாடநூல்களில் போர்த்துக்கேயர் 1505இல் புயலில் அகப்பட்டு வந்துசேர்ந்தவர்கள். 1619இல் யாழ்ப்பாண அரசு அவர்களிடம் வீழ்ந்தது. ஆனால், கொழும்புக் கரையை அவர்கள் காண்பதற்கு 61 ஆண்டுகளுக்கு முன்பே, மனிதரைப் பிடித்து விற்று இலாபம் பங்கிடும் முறை லாகோஸில் நடைமுறைக்கு வந்துவிட்டது. இத்தொடர்ச்சியைப் பாடநூல்கள் நமக்குக் கூறவில்லை.

அதன் ஒரு கிளை நம் மண்ணிலும் உண்டு. புத்தளம் பகுதியில் வாழும் காப்பிரி மக்கள், போர்த்துக்கேயரும் பின்வந்த ஐரோப்பியரும் கொண்டுவந்த ஆபிரிக்கர்களின் வழித்தோன்றல்கள். அவர்களை மஞ்சா இசைக்காக மட்டுமே நாம் நினைவுகூருகிறோம். காலனித்துவத்தால் நாம் இழந்தவற்றைப் பட்டியலிடும்போது, அதே கப்பல்களில் விலங்கிடப்பட்டு வந்தவர்களையும் சேர்த்தே எழுதவேண்டும். அவர்களை விடுத்து எழுதப்படும் நமது வரலாறும் அரைகுறையானதே.